பல் தெரியச் சிரிப்பது

ஒரு தகட்டில் வரிசையாகச் செருகிய பதினாறு பீங்கான் பற்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்: ஏ1, ஏ2 என்று தொடங்கி டி4 வரை. தருமபுரியில் ஒரு பல் மருத்துவமனையில், என் தங்கை மகளின் மேலுதட்டை விலக்கி, அந்தப் பற்களை ஒவ்வொன்றாக எடுத்து அவளுடைய முன்பல்லின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் டாக்டர். ஏழெட்டு வைத்துப் பார்த்தபின் தகட்டைக் கீழே வைத்துவிட்டார். "இந்தக் கலரு இதுல இல்லீங்க" என்றார். ஜெர்மனியின் வீட்டா என்ற கம்பெனி 1950களில் கொண்டுவந்து, இன்றுவரை பல உலக நாடுகளில் பல்லின் நிறத்துக்கு அளவுகோலாகப் பயன்படும் தகடு அது. மனிதப் பல் இந்தப் பதினாறுக்குள் அடங்கும் என்பது அதன் நம்பிக்கை. எங்கள் ஊர்ப் பல் அடங்கவில்லை.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். போட்டோ அனுப்ப வேண்டும். ஸ்டுடியோக்காரர் "வாயை மூடிக்கிட்டே சிரிம்மா" என்று சொல்லியிருக்கிறார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான், அவர் பல்லும் காவிதான். அந்த ஒரு வார்த்தையில் தங்கைக்குத் தூக்கம் போய்விட்டது. டாக்டர் தன்மையான மனிதர். நாலு 'ஆப்ஷன்' இருப்பதாகச் சொன்னார். அமிலம் தடவித் தேய்ப்பது, பிளீச்சிங் செய்வது, காம்போசிட் பிசினைப் பூசி மூடுவது, பல்லின் முன்பக்கத்தைக் கொஞ்சம் சீவிவிட்டுப் பீங்கான் வெனீர் ஒட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. நான் பேசாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அதே பல்தான். இலக்கியக் கூட்டங்களில் எடுத்த குரூப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் நான் வாயை இறுக்கிக்கொண்டு தீவிரமான ஆள் போல நிற்பதற்குக் காரணம் சித்தாந்தம் அல்ல.

இதை எழுதப்போகிறேன் என்று ஒரு தோழரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "பல்லைப் பத்தியெல்லாமா எழுதறது? அது மேல்தட்டு அழகுப் பிரச்சினை, தோழர்." அவருக்கு நல்ல பல். உடலை வரலாற்றுக்கு வெளியே வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. சிறைச்சாலை, பைத்தியக்கார விடுதி என்று ஃபூக்கோவைப் படித்து நிறையப் பேசினோம். ஆனால் வாயைத் திறந்து சிரிப்பதென்பது எப்போதிருந்து நல்லொழுக்கமானது, யாருடைய செலவில் ஆனது என்று கேட்கவில்லை. தமிழில் 'பல்லைக் காட்டுதல்' என்றால் கெஞ்சுவது, குழைவது. 'பல்லிளித்தல்' வசவு. அதிகாரத்தின் முன் நிற்பவன்தான் பல்லைக் காட்டுகிறான், அதிகாரத்தில் இருப்பவன் உதட்டை மூடியிருக்கிறான் என்கிற ஓர் அறிவு மொழிக்குள்ளேயே கிடக்கிறது. இன்று விளம்பரப் பலகையில் வேட்பாளரும் முதலாளியும் முப்பத்திரண்டையும் காட்டிச் சிரிக்கிறார்களே, இந்தத் தலைகீழ் மாற்றம் எங்கே தொடங்கியது?

கோலின் ஜோன்ஸ் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் 2014இல் எழுதிய ஒரு புத்தகம், அது பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் தொடங்கியது என்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னால் நடந்த 'சிரிப்புப் புரட்சி' பற்றிய புத்தகம். அதற்கு முந்தைய நிலைமையைப் பார்ப்போம். பதினான்காம் லூயி மன்னனின் புகழ்பெற்ற ஓவியத்தை ரிகோ 1701இல் வரைந்தபோது மன்னனுக்கு வயது 63. கால் வடிவாக இருக்கிறது, அங்கி பிரமாதமாக இருக்கிறது, கன்னம் மட்டும் குழி விழுந்திருக்கிறது. 1685இல் அரசவை மருத்துவர்கள் பல் பிடுங்குகிறேன் பேர்வழி என்று மேல் அண்ணத்தில் ஒரு பகுதியையும் சேர்த்துப் பிடுங்கி, அந்த ஓட்டையைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டு மூட வேண்டியதாயிற்று. சூரிய மன்னனின் வாயே அப்படியென்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. மேல்தட்டு ஒழுக்கமும் அதற்கேற்றபடிதான் இருந்தது. பாதிரியார் லா சால் 1703இல் எழுதிய நடத்தை நூலில், பல் முழுதும் தெரியும்படி உதட்டைத் தூக்குவது மரியாதைக் கேடு, பல்லை மறைக்கத்தான் இயற்கை உதட்டைக் கொடுத்திருக்கிறது என்கிற வகையில் அறிவுரை சொல்கிறார். ஓவியத்தில் வாய் திறந்திருந்தால் அவன் குடிகாரனாகவோ, பைத்தியமாகவோ, ஏழையாகவோ, குழந்தையாகவோ இருக்க வேண்டும். இது ஒழுக்கமா, சொத்தைப் பல்லை மறைக்கும் ஏற்பாடா என்று கேட்டால் இரண்டும்தான். ஆளும் வர்க்கம் தன் உடலின் இயலாமையைத்தான் பல நேரம் பண்பாடு என்று அறிவிக்கிறது.

பல் ஏன் சொத்தையானது? சர்க்கரை. இதை நிறுத்தி யோசிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் குடித்த காப்பிக்கும் சாக்லேட்டுக்கும் சர்க்கரை கரீபியன் தீவுகளிலிருந்து வந்தது, முக்கியமாக இன்று ஹைட்டி என்று அழைக்கப்படும் சான் தொமிங்கிலிருந்து. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட அடிமைகள் வெட்டிய கரும்பு அது. அடிமைச் சந்தையில் வாங்குபவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்து வாங்கினான், நம் ஊர் மாட்டுச் சந்தையில் 'நாலு பல்லு, ஆறு பல்லு' என்று எண்ணுவது போல. நல்ல பல் இருந்தவர்கள் கரும்பு வெட்டினார்கள். வெட்டிய கரும்பின் சர்க்கரை வாங்கியவர்களின் பல்லை அரித்தது.

அரித்த இடத்தில் ஒரு தொழில் முளைத்தது. அதுவரை பல் பிடுங்குவது தெருக்கூத்து. பாரிஸின் போன் நெஃப் பாலத்தில் 'பெரிய தோமா' என்றழைக்கப்பட்ட ஒரு ராட்சச உருவம் வண்டியில் நின்று கூட்டம் கூட்டிப் பல் பிடுங்கியது. 1728இல் பியர் ஃபோஷார் இரண்டு பாகங்களில் ஒரு புத்தகம் வெளியிட்டார்: 'அறுவை மருத்துவப் பல் வைத்தியர்'. 'தான்திஸ்த்' என்கிற சொல் இதனால்தான் நிலைபெற்றது. பிடுங்குவதிலிருந்து காப்பாற்றுவதற்கு நகர்த்தியது அவர் செய்த மாற்றம். சுத்தம் செய்தல், சொத்தையை அடைத்தல், கோணல் பல்லை இழுத்து நிறுத்துதல், இல்லாத இடத்தில் பல் கட்டுதல். சொந்த மூத்திரத்தால் வாய் கொப்பளிக்கச் சொன்னவரும் அவரே, அது வேறு விஷயம். தெருவில் கூட்டத்துக்கு முன்னால் நடந்தது கதவுக்குப் பின்னால் போயிற்று. வலி காட்சியாக இருந்தது போய், அழகு சரக்காயிற்று. கூடவே ரிச்சர்ட்சன், ரூசோ ஆகியோரின் நாவல்கள் மெல்லிய உணர்ச்சிகளை, கண்ணீரோடு கலந்த புன்னகையை, மனத்தின் உண்மைக்குச் சான்றாக ஆக்கிவைத்திருந்தன.

1787இல் எலிசபெத் விஜே லெப்ரன் என்ற பெண் ஓவியர் தன் மகளை அணைத்தபடி இருக்கும் தன் உருவத்தை வரைந்து பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். உதடு சற்றே பிரிந்து வெள்ளைப் பற்கள் மினுங்குகின்றன. அவ்வளவுதான். அதற்கே ரசனையாளர்கள் மத்தியில் கூச்சல். இப்படியொரு பாசாங்குக்கு முன்னோர்களிடம் முன்மாதிரியே இல்லை என்று எழுதினார்கள். ஜோன்ஸின் புத்தகத்தில் மையமான படம் இதுதான். தனிமனித அகம் வாய் வழியாக வெளியே வந்த தருணமாக அவர் அதைப் பார்க்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அதே 1787இல் கடலுக்கு அந்தப் பக்கம் லண்டனில் வெளியான இன்னொரு படத்தை மையத்தில் வைத்தால் கதை வேறு மாதிரி ஆகிறது என்று நினைக்கிறேன்.

தாமஸ் ரோலண்ட்ஸனின் கேலிச் சித்திரம் அது. 'பல் மாற்றி நடுதல்' என்பது தலைப்பு. நடுவில், முகம் கரியாக, புகைக்கூண்டு சுத்தம் செய்யும் பையன் ஒருவன். அவன் பல்லை மருத்துவர் பிடுங்குகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீமாட்டி மூக்குக்கு வாசனைக் குப்பியைப் பிடித்தபடி காத்திருக்கிறாள். அவள் வாயில்தான் அது போகப்போகிறது. வாசலில் கந்தை உடுத்திய இரண்டு பிள்ளைகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். கையில் நாணயம். கதவில் எழுதியிருக்கிறது, உயிர்ப்பற்களுக்கு நல்ல விலை தரப்படும் என்று.

கேலிச் சித்திரக்காரனின் மிகைப்படுத்தல் என்று தள்ளிவிட முடியாது. அன்றைய இங்கிலாந்தின் மிகப் பெரிய அறுவை மருத்துவரும் உடற்கூற்று அறிஞருமான ஜான் ஹன்டர் 1771இல் பற்களின் இயற்கை வரலாறு எழுதினார். உயிருள்ள ஒருவரின் பல்லைப் பிடுங்கிய சூட்டோடு இன்னொருவரின் ஈறில் நட்டுப் பட்டு நூலால் கட்டினால் பிடித்துக்கொள்ளும் என்று அவர் நம்பினார். மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்தார். அந்தக் கொண்டை இன்றும் லண்டனில் அவர் பெயரால் இருக்கும் மியூசியத்தில் குப்பிக்குள் இருக்கிறது. கொண்டைக்குள் இருக்கும் பல் யாருடையது என்று குப்பியில் பெயர் இல்லை. ஹன்டர் ஒரு நடைமுறை யோசனையும் சொல்கிறார். ஒருவருடைய பல் அளவு சேராமல் போகலாம், ஆகவே பொருந்தக்கூடிய பலரைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. அதாவது வாசலில் வரிசை நிற்க வேண்டும். முதல் ஆளின் பல் பொருந்தாவிட்டால்? அவனுக்குப் பல் போனது போனதுதான். நட்ட பல்லும் பெரும்பாலும் சில வருஷங்களில் விழுந்துவிட்டது. சில சமயம் பல்லோடு நோயும் போனது. சீமாட்டிகளுக்கு நோய் தொற்றிய செய்திகள் மருத்துவ ஏடுகளில் வந்தபிறகுதான் அந்த மோகம் தணிந்தது. பையன்களின் வாய் பற்றிய கவலையால் அல்ல.

'ஏழைபடும் பாடு' என்று நமக்குத் தமிழில் வந்துசேர்ந்த ஹியூகோவின் நாவலில் ஃபான்தின் முதலில் கூந்தலை விற்கிறாள், பிறகு இரண்டு முன்பற்களை, பிறகு உடலை. பல்லின் விலை நாற்பது பிராங்க். படித்த வயதில் அதை மிகையுணர்ச்சி என்று நினைத்தேன். ஹியூகோ விலைப்பட்டியலைத்தான் எழுதியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு கணக்கு. ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மரப்பல் என்று பள்ளிக்கூடத்தில் கதை சொல்வார்கள். மரமே இல்லை. 1789இல் அவர் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று மிச்சம். கட்டிய செட்டுகளில் நீர்யானைத் தந்தம், ஈயம், மாட்டுப் பல், மனிதப் பல் எல்லாம் இருந்தன. அவருடைய மவுன்ட் வெர்னன் பண்ணைக் கணக்கில் 1784 மே மாதம் ஒரு வரி இருக்கிறது: ஒன்பது பற்களுக்காக நீக்ரோக்களுக்குக் கொடுத்தது, 6 பவுண்டு 2 ஷில்லிங். லெ மேயர் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியரின் கணக்கில் அது போகிறது. பாரிஸின் அறிவு அட்லாண்டிக் கடந்து வந்திருக்கிறது. அந்த ஒன்பதும் வாஷிங்டனின் வாய்க்குள் போயினவா என்பதற்கு ஆவணம் இல்லை. ஆனால் விலையைப் பாருங்கள். 122 ஷில்லிங்கை ஒன்பதால் வகுத்தால் பல்லுக்குப் பதின்மூன்றரைச் சொச்சம். அதே லெ மேயர் பத்திரிகை விளம்பரத்தில் முன்பல் ஒன்றுக்கு அறிவித்த விலை 2 கினி, அதாவது 42 ஷில்லிங். அடிமையின் பல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. 'கொடுத்தது' என்று எழுதியிருக்கிறதே, விற்கச் சம்மதித்துத்தானே வாங்கினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. சொந்த உடலே சொந்தமில்லாத ஒருவர் அதில் ஒரு பல்லுக்கு மட்டும் எப்படிச் சொந்தக்காரராகிச் சம்மதிக்க முடியும்? ஒன்பது பேரா, மூன்று பேரா, ஆணா, பெண்ணா? கணக்கில் இல்லை.

1815 வாட்டர்லூ போருக்குப் பிறகு செத்த சிப்பாய்களின் பற்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. 'வாட்டர்லூ பல்' என்பது பிரிட்டனில் ஒரு சரக்கின் பெயராகவே நின்றது. ஆரோக்கியமான இளைஞர்களின் பல் என்பது அதன் விற்பனைச் சிறப்பு.

இந்த வியாபாரத்தை உடைத்தது மனசாட்சி அல்ல, பீங்கான். இதைச் சொல்வது எனக்குச் சங்கடம். தொழில்நுட்பத்தைச் சந்தேகத்தோடு பார்த்தே பழகியவன் நான். துய்ஷாத்தோ என்ற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரர் கட்டியிருந்த நீர்யானைத் தந்தப் பல் செட்டு, மருந்துகளைச் சுவைத்துச் சுவைத்து நாறிப்போனது. 1774 வாக்கில் அவர் பீங்கானில் செய்து பார்க்கத் தொடங்கினார். அதைச் சரியான பொருளாக்கியவர் துபுவா தெ ஷெமான். புரட்சி வந்ததும் அவர் லண்டனுக்குப் போய்விட்டார். 1811இல் ரோலண்ட்ஸன் மறுபடியும் ஒரு படம் போட்டார். ஒரு பெருத்த அம்மாள் அகல வாய் திறந்து வெள்ளை வெளேரென்ற பீங்கான் வரிசையைக் காட்டுகிறாள், வைத்தியர் பெருமையாகச் சுட்டிக்காட்டுகிறார். கேலி மறைந்துவிடவில்லை. ஆனால் இந்தப் படத்தில் கரி பூசிய பையன் இல்லை. நாற்காலி காலியாகிவிட்டது. 1837க்குப் பிறகு கிளாடியஸ் ஆஷ் என்ற லண்டன் வெள்ளித் தட்டான் பீங்கான் பல்லைப் பெருமளவில் செய்யத் தொடங்கியபோது மனிதப் பல்லுக்கான தேவை மெல்லக் கரைந்தது. ஒரு பொருள் இன்னொரு மனிதனின் உடலை விடுவிக்கவும் செய்யும்.

வெள்ளைதான் இயற்கையான அழகு என்பதும் ஏற்க முடியாத வாதம். ஜப்பானில் திருமணமான பெண்களும் பிரபுக்களும் இரும்புக் கரைசலும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொடியும் சேர்த்துப் பல்லைக் கரிய அரக்கு நிறமாக்கினார்கள். அதுதான் அழகு. பல்லையும் அது காத்தது. மெய்ஜி அரசு 1870இல் பிரபுக்களுக்கு அதைத் தடை செய்தது. 1873இல் பேரரசி வெள்ளைப் பல்லோடு பொதுவில் தோன்றினார். மேற்கத்தியர்கள் பார்த்து முகம் சுளித்தார்கள் என்பதுதான் விஷயம். வெற்றிலை போட்டுச் சிவந்த நம் பாட்டிகளின் வாயை நினைத்துக்கொள்ளுங்கள். பல்பொடிப் பொட்டலமும் டூத்பேஸ்ட் விளம்பரமும் வந்து அதைக் 'கறை' என்று பெயர் மாற்றுவதற்கு முன்னால் அது நிறம்.

ஹாலிவுட் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. சினிமா வெளிச்சத்துக்காக சார்ல்ஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் மெல்லிய மூடிகள் செய்து, ஒட்டுப்பொடி தூவி நடிகர்களின் பல்லில் பொருத்தினார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். ஷெர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரத்தின் விழுந்த பால் பற்கள் தெரியாமலிருந்தது அதனால்தான். கழற்ற முடிந்ததற்குக் காரணம், எனாமலில் ஒட்டக்கூடிய பசை அன்று இல்லை. 1955இல் மைக்கேல் புவனகோரே பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலை அரை நிமிஷம் அரித்தால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். கப்பலுக்கும் காருக்கும் பெயின்ட் அடிப்பதற்கு முன் இரும்பை அமிலத்தால் சொரசொரப்பாக்குவதிலிருந்து வந்த யோசனை. 1960களில் ராஃபேல் போவனின் பிசின், 1983இல் பீங்கானையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறை, 1989இல் வீட்டில் தூங்கும்போதே பிளீச் செய்துகொள்ளும் தட்டு. நாலு 'ஆப்ஷ'னின் வரலாறு கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எனாமல் மறுபடி வளராது. வெனீருக்காக அரை மில்லிமீட்டர் சீவினால் அந்தப் பல்லுக்கு ஆயுசு முழுக்க ஏதாவதொரு மூடி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஷெர்லி டெம்பிள் கழற்றிவைக்க முடிந்தது. இன்றைய வாடிக்கையாளர் கழற்ற முடியாது.

எங்கள் பல்லுக்கு வருகிறேன். 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் புதிதாக வந்த பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், உள்ளூர்க்காரர்கள் பல்லில் சாக்லேட் நிறக் கறை இருப்பதைப் பார்த்தார். முப்பது வருஷம் விடாமல் துரத்தினார். குடிதண்ணீரில் ஏதோ இருக்கிறது, பல் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே அது படிந்துவிடுகிறது என்பது வரைக்கும் வந்தார். 1931இல் விடை கிடைத்த இடம் ஓர் அலுமினியக் கம்பெனியின் ஆய்வுக்கூடம். அலுமினியப் பாத்திரம் விஷம் என்ற பிரச்சாரம் அப்போது நடந்துகொண்டிருந்தது. தங்கள் சுரங்க ஊரில் பல் காவியேறியதற்கு அலுமினியம் காரணமில்லை என்று நிரூபிக்க வேண்டிய அவசரம் கம்பெனிக்கு. சர்ச்சில் என்ற அதன் வேதியியலாளர் தண்ணீரில் ஃபுளோரைடைக் கண்டுபிடித்தார். விஞ்ஞானம் எந்தச் சந்து வழியாகவெல்லாம் வருகிறது! அமிலம் தடவிக் கறை எடுக்கும் வைத்தியமும் அதே கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1916 வாக்கில் தொடங்கியதுதான். காரணம் தெரிவதற்குப் பதினைந்து வருஷம் முன்பே மறைப்பதற்கு வழி தெரிந்துவிட்டது.

இந்தியாவில் இது 1937இல் பதிவானது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தைப் பற்றி ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் எழுதிய கட்டுரை. பல் மட்டுமல்ல, எலும்பும் இறுகி முதுகு வளையாமல் போனவர்களைப் பற்றியது. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளின் பாறையிலும் ஃபுளோரைடு இருக்கிறது. கிணறு வற்ற வற்ற, போர்வெல் ஆழம் போகப் போக, பாறையோடு நெடுநாள் உறவாடிய தண்ணீர் மேலே வந்தது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது அளவு. பெரிய கிணறும் ஆற்றுப் பாசனமும் உள்ளவர்கள் வேறு தண்ணீர் குடித்தார்கள், இல்லாதவர்கள் கைப்பம்பில் அடித்துக் குடித்தார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் பல்லைப் பார்த்தே எந்தத் தெருவென்று சொல்லிவிடலாம் என்று என் வாத்தியார் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். வேடிக்கையாகத்தான் நாங்களும் சிரித்தோம், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் அதிகாரபூர்வமான பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் தணிப்பு' இருக்கிறது. ஜப்பானியக் கடன். 2013இல் திறந்தார்கள். எனாமல் உருவாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள் முடிந்துவிடும். தங்கை மகள் 2000இல் பிறந்தவள். காவிரி அவள் தெருவுக்கு வந்தபோது அவள் பல்லெல்லாம் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. 2014இல் பிறந்த அவள் சித்தப்பா பையனுக்கு அரிசி மாதிரிப் பல்.

அரசின் தண்ணீர் செய்ததை அழிப்பதற்கு அவள் தன் கைக்காசைச் செலவழிக்க வேண்டும். அழகுசாதனச் சிகிச்சை என்பதால் காப்பீட்டில் வராது. இதற்குப் பெயர் 'ஆப்ஷன்'. தோழருக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். அவளை வெனீர் வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரமும் எனக்கு இல்லை. நுகர்வுக் கலாச்சாரம் பற்றி வாயை மூடிக்கொண்டு போட்டோவுக்கு நின்ற ஒரு மாமன் அவளுக்கு வகுப்பெடுக்க முடியாது.

டாக்டர் பல்லைச் சீவ வேண்டாம், சின்ன வயசு, மேல் வரிசையில் ஆறு பல்லுக்குக் காம்போசிட் பூசிவிடலாம், ஆனால் நாலைந்து வருஷத்தில் நிறம் மங்கும், மறுபடி வர வேண்டியிருக்கும் என்றார். அவள் கண்ணாடியில் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை முந்தானையில் முடிந்திருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, கேட்டாள்:

"போட்டோவுக்கு மட்டும் ஒட்டி எடுக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா? அதுக்கு எவ்வளவு ஆவும்?"